எம்இஜி ரெக்ரூட் டிரெய்னிங்: மனசு உடையற வாரங்களை எப்படித் தாண்டறது?

ராமமூர்த்திநகர்_அக்கா
எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்கு அக்னிவீர் லிஸ்ட்ல நம்பர் வந்திருக்கு. பெங்களூர் அல்சூர் எம்இஜி (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், ராணுவத்தோட பொறியியல் படை) சென்டர்ல ரிப்போர்ட் பண்ணணும், கையில ஏழு வாரம் இருக்கு. 1.6 கிலோமீட்டரை அஞ்சரை நிமிஷத்துக்குள்ள ஓடிட்டான், பீம் (கம்பியில தொங்கி உடம்பை மேல இழுக்கறது) பத்தும் போட்டுட்டான். அதனால உடம்பைப் பத்தி பயமில்ல, மனசைப் பத்திதான் பயம். யூடியூப்ல வர்ற வீர வசனம் எதுவும் வேண்டாம். எந்த வாரம் கஷ்டம், எதனால கஷ்டம், அந்த நேரத்துல என்ன செய்யணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓய்வு_சப்பர்
நல்ல கேள்விம்மா. நிறைய பேர் முதல் வாரம்தான் கஷ்டம்னு நினைக்கிறாங்க. முதல் வாரம் முடிவெட்டு, டாக்குமென்ட், மெடிக்கல், கிட் வாங்கறதுன்னு போயிடும். எல்லாம் புதுசா இருக்கிறதால மனசு வேடிக்கை பார்த்துட்டிருக்கும். ஆளை உடைக்கிறது ரெண்டாவது வாரத்துல இருந்து நாலாவது வாரம் வரைக்கும். புதுசுங்கிற உணர்வு போயிருக்கும், உடம்பு இன்னும் பழகியிருக்காது, தூக்கக் கடன் ஏறியிருக்கும். கூட இருக்கிற பையன்கள் இன்னும் நண்பர்களா ஆகியிருக்க மாட்டாங்க. இந்த நாலும் ஒரே நேரத்துல வந்து விழும். இது எல்லாருக்கும் வர்ற பள்ளம், தனக்கு மட்டும் வந்த பலவீனம் இல்லைன்னு அவனுக்கு இப்பவே சொல்லி வைங்க. தெரிஞ்சு போறவனுக்கும் தெரியாம போறவனுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு.

ரெண்டு வழக்கத்தை இப்பவே பழக்குங்க. ஒண்ணு, மொத்த டிரெய்னிங்கை ஒரே மூட்டையா பார்க்கக்கூடாது. "இன்னும் ஆறு மாசம்"னு நினைச்ச நிமிஷமே கால் தளரும். எழுந்ததுல இருந்து பிடி (உடற்பயிற்சி) முடியற வரைக்கும் ஒரு துண்டு. பிடி முடிஞ்சு காலைச் சாப்பாடு வரைக்கும் அடுத்த துண்டு. அப்புறம் டிரில், அப்புறம் மதியச் சாப்பாடு. அடுத்த சாப்பாட்டுக்கு மேல யோசிக்கவே கூடாது. சொல்றப்ப சின்னப் பிள்ளைத்தனமா தோணும், ஆனா நீண்ட நாள் கஷ்டத்தைத் தாங்கறவங்க எல்லா இடத்துலயும் இப்படித்தான் தாங்கறாங்க.

ரெண்டாவது, ராத்திரி ரோல் காலுக்கு அப்புறம் எந்த முடிவும் எடுக்கக்கூடாது. "எனக்கு இது சரிப்படாது, திரும்பிப் போயிடறேன்"ங்கிற நினைப்பு வர்றது பெரும்பாலும் பசியும் தூக்கமும் கலந்த நேரத்துலதான். அந்த நினைப்பை ஞாயித்துக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குத் தள்ளிப் போடச் சொல்லுங்க. தூங்கி, குளிச்சு, வயிறு நிறைஞ்ச பிறகும் அதே நினைப்பு இருந்தா அப்ப பேசிக்கலாம்.

கப்பன்பார்க்_கோச்
அக்கா, உடம்பைப் பத்தி பயமில்லைன்னு சொன்னீங்களே, அங்கதான் ஒரு எச்சரிக்கை. ஆள்சேர்ப்பு ரேலி ஓட்டம் வேற, டிரெய்னிங் வேற. 1.6 கிலோமீட்டர்ங்கிறது 400 மீட்டர் டிராக்ல நாலு சுத்து. அஞ்சரை நிமிஷம்னா சுத்துக்கு எண்பத்திரண்டரை செகண்ட். ஆறு நிமிஷத்துல முடிஞ்சுடற வேலை. உள்ளே போனதும் விடியறதுக்கு முன்னாடி இருந்து ராத்திரி வரைக்கும் நின்னுட்டோ, ஓடிட்டோ, குந்திட்டோ இருக்கணும், அதுல பாதி நேரம் பூட்ஸோட. சோதனைகளும் மாறும். பிபிடின்னா (உடல்திறன் சோதனை) 2.4 கிலோமீட்டர். பிபிஇடின்னா (போர்க்கள உடல்திறன் சோதனை) கிட்டும் ரைஃபிளும் தூக்கிட்டு 5 கிலோமீட்டர், அதோட செங்குத்துக் கயிறு, கிடைமட்டக் கயிறு, 9 அடிப் பள்ளம்.

ரேலிக்குத் தயாராகற பசங்க வேகத்தை மட்டும் ஏத்தறாங்க, தாங்கும் சக்தியை விட்டுடறாங்க. ஏழு வாரத்துக்கு இப்படிப் போடுங்க: வாரத்துக்கு நாலு நாள் ஓட்டம். மொத்தம் 18 கிலோமீட்டர்ல ஆரம்பிச்சு வாரம் பத்து சதவீதத்துக்கு மேல ஏத்தாம 28 வரைக்கும் கொண்டு போங்க. நாலில் மூணு நாள் பேசிட்டே ஓடற வேகம், ஒரு நாள் மட்டும் 400 மீட்டர் வேக ஓட்டம் ஆறு தடவை, நடுவுல ரெண்டு நிமிஷம் நடை. கப்பன் பார்க், லால்பாக் ரெண்டுலயும் மண் பாதை இருக்கு, தார் ரோட்டை விட அதைத் தேர்ந்தெடுங்க. கடைசி வாரம் பாதியா குறைச்சிடுங்க. களைச்சுப் போய் ரிப்போர்ட் பண்றது பெரிய தப்பு.

கயிறு ஏறத் தெரியாதவன் கையால மட்டும் இழுத்து மூணு மீட்டர்ல தொங்கிடுவான். வேலையைக் கால்தான் செய்யணும். கயிறு ஒரு பாதத்துக்கு அடியில போய், இன்னொரு பாதம் மேல இருந்து அதை அழுத்திப் பூட்டணும். முழங்காலை மடக்கி மேல தூக்கு, பூட்டு, நிமிர், அப்புறம்தான் கையை மாத்து. இறங்கும்போது வழுக்கிட்டு வந்தா உள்ளங்கைத் தோல் உரிஞ்சு அடுத்த பத்து நாள் பீம் பிடிக்க முடியாது. ஒவ்வொரு கையா மாத்தி இறங்கணும்.

இன்னொண்ணு, ஹான்ஸ், பீடி, சிகரெட் எது இருந்தாலும் இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்க. நிகோடின் விட்டதும் ரெண்டாம் மூணாம் நாள் உச்சக் கஷ்டம், எரிச்சலும் தூக்கமின்மையும் ரெண்டு முதல் நாலு வாரம் இழுக்கும். அந்தக் கணக்கை டிரெய்னிங்கோட முதல் மாசத்துல கொண்டு போய் வைக்கக்கூடாது.

எலும்பு_தசை_பிசியோ
ஓய்வு சப்பர் அண்ணன் ரெண்டுல இருந்து நாலாவது வாரம்னு சொன்னதுக்கு உடம்புலயும் ஒரு காரணம் இருக்கு. எலும்புக்குப் புதுச் சுமை வந்தா, அது முதல்ல பழைய பகுதியைக் கரைச்சு எடுக்கும், பிறகுதான் புதுசா கட்டும். கரைக்கறதுக்கு ரெண்டு மூணு வாரம் போதும், கட்டி முடிக்க மாதக்கணக்கு ஆகும். அதனால மூணாவது நாலாவது வாரம் எலும்பு அதோட வழக்கமான பலத்தை விடக் கொஞ்சம் குறைஞ்சு நிக்கும். தசையும் மூச்சும் அதுக்குள்ள தேறிடும். பையன் "நான் ரெடி"ன்னு நினைக்கற நேரத்துல முழங்காலுக்குக் கீழே டிபியா எலும்பு ரெடியா இருக்காது. டிரில்ல குதிகாலைத் தரையில அடிக்கற அடி வேற அதுமேல ஏறும். இதுக்காகத்தான் கோச் சொன்ன ஏழு வாரம் முக்கியம். எலும்பு கட்டற வேலையை வீட்டுலயே தொடங்கி வெச்சுட்டுப் போறான்.

மனசு விட்டுப் போறதுக்கும் இதுக்கும் நேரடித் தொடர்பு இருக்கு. ஊக்கம் குறைஞ்சிடுச்சுன்னு நாம பேசற பல கேஸ்ல அடியில இருக்கறது சொல்லாம மறைச்ச ஒரு வலி.

ஜோஷ்_பெங்களூர்
இப்படி வலியைப் பத்தியே பேசினா பையன் முதல் நாளே எம்ஐ ரூம்ல (டாக்டர் பார்க்கற அறை) போய் உட்கார்ந்துடுவான். டிரெய்னிங்னா வலிக்கும். தாங்கணும். தாங்கப் பழக்கறதுக்குத்தானே அந்த இடமே இருக்கு?

எலும்பு_தசை_பிசியோ
தாங்க வேண்டிய வலி எது, தாங்கக்கூடாத வலி எதுன்னு பிரிச்சுத் தெரிஞ்சுக்கறதுதான் பயிற்சி. தொடை, புஜம், வயிறுன்னு ரெண்டு பக்கமும் பரவலா வலிச்சு, மறுநாள் காலையில இறுகி, ஓட ஆரம்பிச்சதும் பத்து நிமிஷத்துல இளகினா அது தசை வலி. தாங்கலாம், தாங்கணும். கீழ்க்காலோட உள்பக்க விளிம்புல நாலஞ்சு விரல் நீளத்துக்கு வலி இருந்தா ஷின் ஸ்பிளின்ட். சொல்லிட்டு, ஓட்டத்தைக் குறைச்சா ரெண்டு மூணு வாரத்துல அடங்கும். ஒரே விரல் நுனியால "இங்கதான்"னு காட்ட முடியற வலி, அந்தக் காலால மட்டும் குதிச்சா சுரீர்னு வலிக்கறது, படுத்திருக்கும்போதும் வலிக்கறது, இது மூணும் சேர்ந்தா எலும்புல கீறல் விழ ஆரம்பிச்சிருக்கலாம். முதல் ரெண்டு மூணு வாரம் எக்ஸ்ரேல அது தெரியாமலும் போகும். எக்ஸ்ரே நல்லா இருக்குன்னு ஓடிட்டே இருந்தா ஆறு எட்டு வாரத்துல ஆற வேண்டியது முழு முறிவாயிடும். தொடை இடுக்குல, இடுப்பு மூட்டுக்கு முன்னாடி, கால் ஊன்றும்போது ஆழமா வலிச்சா ஒரு நாள் கூடக் காத்திருக்கக்கூடாது. அது தொடை எலும்புக் கழுத்து, அங்க விரிசல் நகர்ந்துட்டா ஆபரேஷன்தான்.

கூடவே ஒண்ணு: கடுமையான ரகடாவுக்கு (தண்டனையா வாங்கற உடற்பயிற்சி) அடுத்த நாள் சிறுநீர் கோலா நிறத்துல போனாலும், தசை வீங்கிக் கல்லு மாதிரி ஆனாலும் உடனே டாக்டர்கிட்ட. தசை சிதைஞ்சு கிட்னியை அடைக்கற நிலைமை அது.

ஜோஷ்_பெங்களூர்
விரல் நுனி விஷயம் எனக்குப் புதுசு. ஒத்துக்கறேன். ஆனா ஒரு நாள் எக்ஸ்கியூஸ் (டாக்டர் சீட்டுல கிடைக்கற ஓய்வு) வாங்கினாலே ரெலிகேஷன் ஆகி ஜூனியர் பேட்சுக்குப் போயிடுவோம்னு பசங்க பயப்படறாங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?

ஓய்வு_சப்பர்
அந்தப் பயம்தான் பசங்களை மறைக்க வைக்குது. மூணு நாள் எக்ஸ்கியூஸ் வாங்கினவன் பேட்சோட முடிச்சிடுவான். மூணு வாரம் மறைச்சவன்தான் ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில படுத்து ஜூனியர் பேட்சுக்குப் போறான். போற முறையும் முக்கியம். காலையில ஃபால்-இன்னுக்கு (வரிசையில கூடறது) முன்னாடியே செக்ஷன் உஸ்தாத்கிட்ட (பயிற்சி கொடுக்கறவர்) சொல்லணும், பிடி நடுவுல போய் சொன்னா சாக்குன்னுதான் நினைப்பாங்க. "கால் வலிக்குது சாப்"னு சொல்லக்கூடாது. "இடது கால், இந்த இடம், நாலு நாளா, குதிச்சா அதிகமாகுது"ன்னு சொல்லணும். டாக்டர் சீட்டுல என்ன எழுதினாரோ அதை அப்படியே உஸ்தாத்கிட்ட காட்டணும்.

ஒருவேளை ரெலிகேட் ஆனாலும் அது முடிவு இல்லை. அந்தப் பையன் ஜூனியர் பேட்சுல எல்லாம் தெரிஞ்சவனா நிப்பான். கிட் லே-அவுட், டிரில், இந்தி எல்லாத்துலயும் மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கற இடத்துல இருப்பான்.

பாஷை_பழகு
இந்தின்னதும் ஞாபகம் வருது. தமிழ்ப் பையன்களோட சோர்வுல பாதி மொழியால வர்றது, இதை யாரும் பெருசா பேசறதில்ல. எம்இஜி ஆட்களைத் தம்பின்னு கூப்பிடற வழக்கம் இன்னிக்கும் இருக்கு, பேரக்ல தமிழ் காதுல விழும். ஆனா டிரில் ஆர்டர் இந்தியிலதான். பையன் சோம்பேறி இல்ல, ஆர்டர் புரிய அரை செகண்ட் தாமதம், அவ்வளவுதான். அந்த அரை செகண்டுக்கு மொத்த ஸ்குவாடும் ஃப்ரன்ட் ரோல் அடிக்கும். நாலு நாள் இப்படி நடந்தா "என்னாலதான் எல்லாரும் அடி வாங்கறாங்க"ன்னு உள்ளுக்குள்ள சுருங்கிடுவான்.

ஏழு வாரத்துல இந்தி முழுசா வேண்டாம், முப்பது சொல் போதும். சாவ்தான் விறைப்பா நிக்கறது, விஸ்ராம் காலை அகட்டி நிக்கறது, ஆராம் சே தளர்வா நிக்கறது. தாஹினே முட் வலப்பக்கம், பாயேன் முட் இடப்பக்கம், பீச்சே முட் பின்னாடி. தேஸ் சல்னா நடை, தௌட் கே சல்னா ஓட்டம், கதம் தால்னா நின்ன இடத்துலயே காலை மாத்தறது, தம்னா நில்லு. ஒண்ணுல இருந்து ஐம்பது வரைக்கும் இந்தி எண்கள் கட்டாயம், ஏன்னா வரிசையில எண்ணச் சொல்லுவாங்க. இக்கீஸ், உன்தீஸ் ரெண்டுலயும் தடுமாறாதவன் யாரும் இல்ல. நீங்க வீட்டு மாடியில நின்னு ஆர்டர் கொடுங்கக்கா, அவன் செய்யட்டும், தினம் பதினஞ்சு நிமிஷம். காதால கேட்டதும் உடம்பு திரும்பணும், தமிழ்ல மொழிபெயர்த்துட்டுத் திரும்பக்கூடாது. நடை இடது காலில் தொடங்கணும், வலது கை முன்னாடி வரணும். பதட்டத்துல அதே பக்கக் கையும் காலும் சேர்ந்து போறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. அப்படி ஆனா கையை அசைக்காம நாலு அடி நடந்துட்டு, மறுபடி கையை விட்டா தானா சரியாகும்.

விவேக்நகர்_பையன்
ஒருத்தன் தப்புக்கு எல்லாருக்கும் ரகடான்னா எரிச்சல் வராதா? அதை எப்படி மனசுல எடுத்துக்கறது? உஸ்தாத் திட்டறதையும் சேர்த்துக் கேக்கறேன்.

ஓய்வு_சப்பர்
தம்பி, சப்பர் (பொறியியல் படைச் சிப்பாய்) வேலையை நினைச்சுப் பாரு. கண்ணிவெடி எடுக்கறதுலயும் பாலம் போடறதுலயும் ஒருத்தன் பின் மாட்டலைன்னா செத்துப் போறது அவன் மட்டும் இல்ல. அந்தக் கணக்கை உடம்புக்குப் புரிய வைக்கத்தான் கூட்டுத் தண்டனை. 1944 பிப்ரவரி 24, இத்தாலியில மிக்னானோ பக்கத்துல, மதராஸ் சப்பர் சுபேதார் சுப்ரமணியன் வெடிக்கப் போற கண்ணிவெடி மேல தானே விழுந்து கூட இருந்தவங்களைக் காப்பாத்தினார். ஜார்ஜ் கிராஸ்ங்கிற பிரிட்டிஷ் வீர விருது அவருக்கு இறந்த பிறகு கொடுக்கப்பட்டது. 1780ல மெட்ராஸ்ல தொடங்கி 1834ல பெங்களூருக்கு வந்த மதராஸ் சப்பர்ஸ்தான் இன்னிக்கு எம்இஜி. போறதுக்கு முன்னாடி இந்த வரலாற்றைப் படிச்சுட்டுப் போகச் சொல்றேன், ஏன்னா கண் இருட்டற நேரத்துல "எதுக்காக?"ங்கிற கேள்விக்குத் தயாரா ஒரு பதில் கையில இருக்கணும்.

நடைமுறைக்கு வர்றேன். யார் பின்தங்கறானோ அவனைத் திட்டறதுல சக்தி போகக்கூடாது. அவன் எதுல பிந்தறான்னு பாரு, பெட் மடிக்கறதா, பூட் பாலிஷா, ஷேவிங்கா. ராத்திரி பத்து நிமிஷம் அவன்கூட உட்காரு. அது உன்னையும் ரகடாவுல இருந்து காப்பாத்தும். இன்னொருத்தனுக்குக் கை கொடுக்கறவன் தன்னைப் பத்தி நினைக்கறது குறைஞ்சு, அவனோட சோர்வும் குறையறதைக் கண்கூடா பார்க்கலாம்.

உஸ்தாத் திட்டினா காரணம் சொல்லாதே. "ஜீ சாப்", அவ்வளவுதான். காரணம் உண்மையா இருந்தாலும் அந்த நேரத்துல வாய் திறக்காதே. வார்த்தையோட சூட்டை விட்டுட்டு அதுக்குள்ள இருக்கற தகவலை மட்டும் எடு: முழங்கை மடங்குது, பெல்ட் தொங்குது, இவ்வளவுதான் அவர் சொன்னது. ஆனா கை வெச்சு அடிச்சாலோ, காயப்படுத்தினாலோ அது டிரெய்னிங் கிடையாது. அதைக் கம்பெனி கமாண்டர் வரைக்கும் கொண்டு போகலாம்.

சிவாஜிநகர்_தங்கை
பொண்ணுங்களுக்கு ஏதாவது தனியா இருக்கா? எனக்கு மிலிட்டரி போலீஸ் அக்னிவீர் ஆசை.

எலும்பு_தசை_பிசியோ
இருக்கும்மா. உங்க டிரெய்னிங்கும் பெங்களூர் சிஎம்பி (மிலிட்டரி போலீஸ் படை) சென்டர்லதான். முதல் பெண்கள் பேட்ச் 83 பேர், 61 வாரப் பயிற்சி முடிச்சு 2021 மே 8 அன்னிக்கு வெளிய வந்தாங்க. முதல்ல ரத்தத்துல ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்புல இருக்கற இரும்புச் சேமிப்பைக் காட்டறது) ரெண்டையும் இப்பவே பாருங்க. ஃபெரிட்டின் குறைஞ்சிருந்தா எவ்வளவு மனவுறுதி இருந்தாலும் மூச்சு வாங்கும், இரும்புச்சத்தை ஏத்த ரெண்டு மூணு மாசம் வேணும். மாத்திரையை டீயோட சாப்பிடாதீங்க, டீ இரும்பை உறிஞ்ச விடாது. ரெண்டாவது, டிரெய்னிங்ல மாதவிடாய் தொடர்ந்து நின்னு போனா "நல்லதாப் போச்சு"ன்னு விடாதீங்க. செலவழிக்கற சக்திக்கு ஏத்த சாப்பாடு போகலைங்கிறதுக்கு அடையாளம் அது, எலும்புக் கீறல் ஆபத்து அங்கதான் கூடும். உயரமானவங்களோட அடியை எட்டிப் பிடிக்க நீட்டி நீட்டி வைக்கறதால இடுப்பெலும்புலயும் கீறல் வரும். அடியை நீட்டறதுக்குப் பதிலா வேகமா வையுங்க.

கப்பன்பார்க்_கோச்
கால் பத்தி விட்டுட்டேன். கொப்புளம் வர்றது ஈரம், சூடு, உரசல் மூணும் சேரும்போது. உள்ளே மெல்லிய நைலான் சாக்ஸ், வெளியே தடிமனான சாக்ஸ் போட்டா உரசல் ரெண்டு சாக்ஸுக்கு நடுவுல நடக்கும், தோலுக்கு வராது. சூடா உணர்ந்த இடத்துல கொப்புளம் ஆகறதுக்கு முன்னாடியே மைக்ரோபோர் டேப் ஒட்டணும். மதியம் சாக்ஸ் மாத்தறது ஒரு நிமிஷ வேலை, நாள் முழுசும் காப்பாத்தும். தொடை இடுக்குல படை வந்தா வெறும் க்ளோட்ரிமசோல். கடையில ஸ்டீராய்டு கலந்த க்ரீமைத் தள்ளிவிடப் பார்ப்பாங்க. ரெண்டு நாள் அரிப்பு நிக்கும், அப்புறம் படை ரெண்டு மடங்கா பரவும்.

தண்ணியை மூணு லிட்டர் ஒரே மூச்சுல ஊத்திக்கறதும் ஆபத்து, ரத்தத்துல உப்பு நீர்த்துப் போகும். சிறுநீர் வெளிர்மஞ்சளா இருக்கற அளவு, நாள் முழுக்கப் பரவலா. வேர்வை கொட்டின நாள்ல ஓஆர்எஸ் பாக்கெட் ஒண்ணு, சரியா ஒரு லிட்டர்ல.

ராமமூர்த்திநகர்_அக்கா
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மாடியில டிரில் ஆரம்பிச்சாச்சு, பீச்சே முட்ல விழாம திரும்பறான். ஒரே ஒரு கேள்வி: போன் பேசறப்ப வீட்டுல இருந்து நாங்க என்ன பேசணும்? அம்மா அழுதுடுவாங்க. அவன் "முடியலக்கா"ன்னு சொன்னா என்ன சொல்றது?

கன்டோன்மென்ட்_குடும்பம்
போன் எப்போ, எவ்வளவு நேரம்னு சென்டர்தான் முடிவு பண்ணும். கிடைக்கறது அஞ்சு நிமிஷம்னு வெச்சுக்கோங்க. அம்மா அழுதா தப்பில்ல, ஆனா முதல்ல அவன் பேசட்டும், அம்மா கடைசியில. "சாப்பிட்டியா"ன்னு மட்டும் கேட்டா "ம்"னு முடிஞ்சிடும். "இன்னிக்கு என்ன சாப்பாடு, பக்கத்து பெட் யாரு, எந்த ஊரு"ன்னு கேளுங்க. பேர் சொல்ல ஆரம்பிச்சான்னா அவனுக்கு அங்க ஆள் சேர்ந்தாச்சுன்னு அர்த்தம். கடன், சண்டை, பக்கத்து வீட்டுப் பேச்சு எதுவும் வேண்டாம், அவனால எதையும் செய்ய முடியாது, ராத்திரி தூக்கம்தான் போகும். ஆனா வீட்டுல யாருக்காவது உயிர்ப் பிரச்சினைன்னா மறைக்காதீங்க. பின்னாடி தெரிஞ்சா அடுத்து நீங்க "எல்லாம் நல்லா இருக்கு"ன்னு சொல்றது எதையும் நம்ப மாட்டான்.

"முடியல"ன்னா "வந்துடுடா"ன்னும் சொல்லாதீங்க, "ஆம்பளையா இரு"ன்னும் சொல்லாதீங்க. "எது முடியல?"ன்னு கேளுங்க. ஓட்டமா, தூக்கமா, யாராவது ஒருத்தரா, காலா? பெயர் வெச்ச கஷ்டத்துக்கு வழி இருக்கு. மேலே பிசியோ சொன்ன விரல் நுனிக் கேள்வியையும் கேட்டுடுங்க.

கடிதம் எழுதுங்க. போன் பேச்சு அஞ்சு நிமிஷத்துல கரைஞ்சிடும். கடிதத்தை டிரங்குல வெச்சு எத்தனை தடவை வேணும்னாலும் படிக்கலாம்.

சட்ட விஷயமும் அவனுக்குத் தெரிஞ்சிருக்கணும். அக்னிவீர் தன் விருப்பத்துல நடுவுல விலகறது பொதுவா அனுமதி இல்ல, மிக விதிவிலக்கான நேரத்துல மேலதிகாரி அனுமதிச்சாதான். சுவர் ஏறிக் குதிச்சு ஓடினா அது 1950 ராணுவச் சட்டத்துல குற்றம், 38வது பிரிவு படையை விட்டு ஓடறது, 39வது பிரிவு அனுமதியில்லாம வராம இருக்கறது. நிஜமாவே முடியலைன்னா கம்பெனி கமாண்டர், டாக்டர், மதகுரு சாப், இந்த மூணு பேர்ல யார்கிட்டயாவது போய் வாயைத் திறந்து சொல்லணும். தூக்கம் சுத்தமா போய், சாப்பாடு இறங்காம, "இருந்து என்ன பிரயோஜனம்"ங்கிற மாதிரி பேச ஆரம்பிச்சா அது சோர்வு இல்ல. அன்னிக்கே சென்டருக்குப் போன் போடுங்க, ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்காதீங்க. டெலி மானஸ்ங்கிற மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயும் பேசலாம். வீட்டுல இருக்கறவங்களும் கூப்பிடலாம்.

ஓய்வு_சப்பர்
அம்மாகிட்ட ஒண்ணு சொல்லுங்க. முதல் வருஷ சம்பளம் மாசம் 30,000, அதுல 30 சதவீதம் சேவா நிதிக்கு (சேவை முடியும்போது கிடைக்கற சேமிப்பு) போய் கைக்கு 21,000 வரும். அந்தப் பணத்தை நம்பி வீட்டுல இப்பவே எந்தக் கடனும் வாங்க வேண்டாம். காசுக்காகப் படைக்குப் போறதுல எந்தத் தப்பும் இல்ல, நிறைய நல்ல சிப்பாய்கள் அப்படித்தான் வந்தாங்க. ஆனா மாசத் தவணை நினைப்போட ஓடறவனுக்குக் கால் ரெண்டு மடங்கு கனக்கும்.

பெட்டியில சென்டர் கேட்ட டாக்குமென்ட், நகல்களோட. பூட்டு ரெண்டு, சாவியில ஒண்ணைக் கயித்துல கட்டிக் கழுத்துல. கறுப்பு நூல், ஊசி, சேஃப்டி பின், நகவெட்டி, ரேஸர் பிளேடு கூடுதலா. மெல்லிய சாக்ஸ் ஆறு ஜோடி. எல்லாத்துலயும் பேரை மார்க்கர்ல எழுதிடுங்க, துணி காயப்போட்ட இடத்துல மாறிடும். சின்ன நோட்டு ஒண்ணும் பேனாவும் போட்டு விடுங்க. தினம் ராத்திரி ஒரே ஒரு வரி: இன்னிக்கு நேத்தை விட எது நல்லா வந்துச்சு. கயித்துல ஒரு அடி மேல, பெட் லே-அவுட் ரெண்டு நிமிஷம் சீக்கிரம், அவ்வளவு போதும். நாலாவது வாரம் அந்த நோட்டை முதல் பக்கத்துல இருந்து புரட்டச் சொல்லுங்க.

ராமமூர்த்திநகர்_அக்கா
நோட்டு வாங்கிட்டேன் அண்ணே. முதல் பக்கத்துல இந்தி எண்கள் இருபதுல இருந்து முப்பது வரைக்கும் அவனே எழுதி வெச்சுட்டான்.